ஆல்டர்னேட்டரை மாற்றுவதற்கு முன்: காரின் கோளாறை வீட்டிலேயே கண்டறிவது

ஏழு ஆண்டுகளாக ஓடும் பெட்ரோல் கார் சில நாட்களில் காலையில் செல்ஃப் எடுக்க மறுக்கிறது. சாவியைத் திருப்பினால் ‘டக் டக் டக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது. வேறொரு வண்டியிலிருந்து கேபிள் கொடுத்தால் உடனே ஓடுகிறது. பட்டறையில், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டரை மாற்ற வேண்டும் என்கிறார்கள். போதாததற்கு, நெரிசலில் நிற்கும்போது வெப்ப முள் ஏறுகிறது, காலையில் முதல் பிரேக்கில் கீச்சென்ற ஒலியும் வருகிறது. மெக்கானிக் வேலை பழகாத ஒருவர் இவற்றில் எவற்றை வீட்டிலேயே சோதிக்கலாம், எவற்றில் கை வைக்கக் கூடாது என்பது உங்கள் கேள்வி.

ஆல்டர்னேட்டர் பழுதாகியிருப்பது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் விவரித்த அறிகுறிகளை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வர வழியில்லை. அளந்து பார்க்காமல் பாகத்தை மாற்றுவது இருட்டில் கல்லெறிவதைப் போன்றது, பட்டாலும் எதில் பட்டது என்று தெரியாது. எந்தக் கோளாறானாலும் அது எப்போது வருகிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா சூடேறிய பிறகா, நிற்கும்போதா ஓடும்போதா, ஓரிரவு நின்ற பிறகா நான்கு நாள் நின்ற பிறகா என்பது தெரிந்தால், சந்தேகப்பட வேண்டிய பாகங்களில் பாதி தாமாகவே விலகிவிடும். உங்கள் மூன்று புகார்களிலும் அந்த ‘எப்போது’ ஏற்கெனவே இருக்கிறது.

முதலில் அந்தச் சத்தத்தையே எடுத்துக்கொள்வோம். சாவியைத் திருப்பும்போது எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாரின் மேலுள்ள சொலினாய்டு என்ற மின்காந்த ஸ்விட்ச் இழுக்கப்பட்டு, மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டம் பாய வேண்டும். வேகமாகத் தொடர்ந்து ‘டக் டக்’ என்று அடித்தால், சொலினாய்டு இழுக்கிறது, மின்னழுத்தம் சரிகிறது, சொலினாய்டு விடுகிறது, மறுபடி இழுக்கிறது என்று பொருள்; அதாவது பேட்டரியில் சக்தி இல்லை, அல்லது சக்தி போகும் வழியில் தடை இருக்கிறது. விளக்குகள் பளிச்சென்று எரியும்போதே ஒரே ஒரு கனத்த ‘டக்’ கேட்டு அடங்கினால் ஸ்டார்ட்டர் மோட்டாரையோ சொலினாய்டையோ சந்தேகிக்கலாம். சத்தமே இல்லையென்றால் கியர் நியூட்ரலில் இருக்கிறதா, கிளட்ச் முழுவதும் மிதிபட்டதா, சாவியை வண்டி அடையாளம் கண்டுகொண்டதா என்று பார்க்க வேண்டும். மோட்டார் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பற்றவில்லையென்றால் அது எரிபொருள் அல்லது தீப்பொறி பற்றிய வேறு கதை. அங்கே பேட்டரியை மாற்றுவதில் பயனில்லை. உங்களுடையது முதல் வகை. கேபிள் கொடுத்ததும் வண்டி ஓடுவதால் ஸ்டார்ட்டர் மோட்டார் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது என்று கொள்ளலாம்.

இனித் தேவைப்படுவது ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர். வீட்டில் கார் வைத்திருப்பவர் வாங்கும் கருவிகளில் முதலிடம் இதற்குத்தான் என்பது என் கருத்து. ஸ்பேனர் செட்டுகூட இதற்கு அடுத்துதான். சிவப்பு வயரை வோல்ட் என்று குறித்த துளையில் செருகி, குமிழை 20 வோல்ட் நேர்மின்னோட்ட அளவில் வையுங்கள். அதே வயரை 10 ஆம்பியர் துளையில் செருகிவிட்டுப் பேட்டரியைத் தொட்டால் அது நேரடி ஷார்ட் சர்க்யூட்டாகிவிடும் என்பதால், தொடுவதற்கு முன் அந்தத் துளையை ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. இரவு முழுவதும் நின்ற வண்டியில், சாவி போடுவதற்கு முன், பேட்டரியின் இரு முனைகளிலும் அளந்தால் 12.6 வோல்ட் அல்லது சற்று மேல் வர வேண்டும். 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால், 12.2 என்றால் பாதி, 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் காலி என்றே கொள்ளலாம். ஓடி நின்ற உடனே அளந்தால் மேற்பரப்பில் தங்கிய மின்னேற்றம் பொய்யான உயர்ந்த அளவைக் காட்டும். காலையில் அளக்கச் சொல்வது அதனால்தான்.

அடுத்து, ஒருவர் செல்ஃப் அடிக்க, மற்றவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். ஓய்வில் 12.6 காட்டிய பேட்டரி, மோட்டார் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தால், மின்னேற்றம் இருந்தும் திறன் போய்விட்டது, பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று பொருள். ஈயப் பேட்டரிகள் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை தாங்கும். கடும் வெப்பத்தில் அதற்கும் குறைவு. வண்டியுடன் வந்த பேட்டரியே இன்னும் இருக்கிறதென்றால் அதை முதலில் சந்தேகிப்பதே நியாயம். நெரிசலில் நின்றால் தானாக அணைந்து தானாக உயிர்பெறும் வசதி வண்டியில் இருந்தால், அதற்கென உள்ள வகைப் பேட்டரியையே திரும்பப் போட வேண்டும். சாதாரணப் பேட்டரி அங்கே சீக்கிரம் படுத்துவிடும்.

பலர் தாண்டிச் சென்றுவிடும் இடம் டெர்மினல், அதாவது பேட்டரியின் முளையைக் கேபிளின் கிளாம்பு பற்றியிருக்கும் இடம். வெளியில் வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். ஆனால் பளபளப்பாக இருக்கும் கிளாம்பின் உட்புறத்திலும் கண்ணுக்கு எளிதில் தெரியாத கரும்படலம் படிந்திருக்கக்கூடும். அதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈய முளையின் தலையிலும், மற்றொன்றை அதே முளையைப் பற்றியிருக்கும் கிளாம்பிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று இறுகியிருக்கும் உலோகங்கள். அவற்றுக்கிடையே மின்னழுத்தம் ஏறத்தாழப் பூச்சியமாகத்தான் இருக்க வேண்டும். அங்கே அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால், மோட்டாருக்குப் போக வேண்டிய சக்தி அந்த ஒரு மில்லிமீட்டர் இடைவெளியிலேயே வெப்பமாக விரயமாகிறது. இதே சோதனையை நெகடிவ் முளைக்கும் எஞ்சின் பிளாக்கின் வெறும் உலோகத்துக்கும் இடையே செய்தால் பேட்டரியை வண்டியின் உலோகத்தோடு இணைக்கும் எர்த் கேபிளின் யோக்கியதையும் தெரிந்துவிடும். சுத்தம் செய்யும்போது நெகடிவ் கிளாம்பை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் உடற்பாகத்தில் பட்டாலும் பொறி பறக்காமல் இருக்க இந்த வரிசைதான் காப்பு. சமையல் சோடா கரைத்த நீரில் பழைய பல் துலக்கியை நனைத்துத் தேய்த்து, துடைத்து உலர்த்தி, உட்புறத்தை உப்புத்தாளால் உரசி, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினால் போதும்.

இப்போது ஆல்டர்னேட்டருக்கு வருவோம். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்து, முகப்பு விளக்கு, ஏசி, பின்கண்ணாடிச் சூடேற்றி எல்லாவற்றையும் போட்ட பிறகும் 13.5 வோல்ட் அளவிலாவது நின்றால், அது தன் வேலையைச் செய்கிறது. எஞ்சின் ஓடும்போதும் 12 சொச்சத்திலேயே நின்று மேலும் இறங்கிக்கொண்டே போனால் பட்டறைக்காரர் சொன்னது சரி. அப்போதும் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, வழுக்குகிறதா என்று பார்த்துவிட்டே ஒப்புக்கொள்ளுங்கள். 15 வோல்ட்டைத் தாண்டினால் மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரி வெந்துகொண்டிருக்கிறது. சில புதிய வண்டிகளில் கணினியே மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் என்பதால், ஒரு கணத்து அளவை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். எஞ்சின் ஓடும்போது பேட்டரி கிளாம்பைக் கழற்றி, வண்டி அணையாவிட்டால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது என்று காட்டும் பழைய வித்தை ஒன்று உண்டு. அதைச் செய்ய யாரையும் அனுமதிக்காதீர்கள். பேட்டரி என்ற தாங்கி விலகியவுடன் எழும் மின்னழுத்தப் பாய்ச்சல், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியையே எரித்துவிடக்கூடும்.

பேட்டரி, டெர்மினல், ஆல்டர்னேட்டர் மூன்றும் தேறி, வண்டி சில நாள் நின்றால் மட்டும் சிக்கல் வருகிறதென்றால், அணைத்த பிறகும் ஏதோ ஒன்று மின்சாரத்தை உறிஞ்சுகிறது. பூட்டி அரை மணி நேரம் கழிந்த பிறகு 50 மில்லிஆம்பியர் வரை போவது இயல்பு. கடிகாரத்துக்கும் அலாரத்துக்கும் அது வேண்டும். 300 மில்லிஆம்பியர் போனால் நாளொன்றுக்கு ஏழு ஆம்பியர்-மணி கரைந்து, 45 ஆம்பியர்-மணிப் பேட்டரி மூன்று நாட்களில் பாதியாகிவிடும். எதில் போகிறது என்று கண்டுபிடிக்க ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் தெரியும் இரண்டு சிறு உலோகப் புள்ளிகளில் மீட்டரை மில்லிவோல்ட் அளவில் வைத்துத் தொடுங்கள். மின்னோட்டம் இல்லாத ஃபியூஸில் பூச்சியமும், ஓடும் ஃபியூஸில் சிறிய எண்ணும் காட்டும். பிடுங்கிச் செருகினால் தூங்கிக்கொண்டிருக்கும் கணினிகள் விழித்துக்கொண்டு கணக்கைக் குழப்பும். வண்டி வாங்கிய பிறகு பொருத்திய கேமரா, ஒலிபெருக்கி, இருப்பிடம் காட்டும் கருவி ஆகியவற்றையே முதலில் சந்தேகியுங்கள். டிக்கி விளக்கு மூடிய பிறகும் எரிகிறதா என்பதை, கைப்பேசியில் வீடியோ பதிவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடியே பார்த்துவிடலாம்.

கேபிள் கொடுப்பதற்கும் வரிசை உண்டு. சிவப்பை முதலில் தீர்ந்த பேட்டரியின் பாசிட்டிவிலும், பிறகு நல்ல பேட்டரியின் பாசிட்டிவிலும் மாட்ட வேண்டும்; கறுப்பை நல்ல பேட்டரியின் நெகடிவில் மாட்டி, அதன் மறுமுனையைத் தீர்ந்த பேட்டரியில் மாட்டாமல், அந்த வண்டியின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில் மாட்ட வேண்டும். கடைசி இணைப்பில் பொறி தெறிக்கும். பேட்டரிக்கு மேல் ஹைட்ரஜன் வாயு தேங்கியிருக்கலாம். உப்பியோ விரிசல் விட்டோ இருக்கும் பேட்டரிக்குக் கேபிளே கொடுக்கக் கூடாது. ஓடத் தொடங்கிய பின் பத்து நிமிடம் சுற்றிவிட்டு வந்தால் பேட்டரி நிறைந்துவிடும் என்பது வெறும் நம்பிக்கை. காலியான பேட்டரியை நிரப்பப் பல மணி நேரம் வேண்டும், அதற்கு உரியது சுவர் மின்சாரத்தில் இயங்கும் சார்ஜர்.

வெப்ப முள்ளைப் பற்றிய உங்கள் குறிப்பில் ‘நெரிசலில் நிற்கும்போது’ என்ற சொற்களே பாதி விடை. ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்த வேலை மின்விசிறியினுடையது. நெடுஞ்சாலையில் சரியாக இருந்து நெரிசலில் ஏறினால் விசிறியைப் பாருங்கள். நெடுஞ்சாலையில் ஏறி நெரிசலில் அடங்கினால் ரேடியேட்டர் அடைப்பு, கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைவு, நீர்ப்பம்பு ஆகியவற்றைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஏசியைப் போட்டவுடன் விசிறி சுற்றத் தொடங்கும். ஏசிக்குச் சுற்றி, வெப்பத்துக்குச் சுற்றாவிட்டால் வெப்ப உணரியையோ அதன் இணைப்பையோ சந்தேகிக்கலாம். இரண்டுக்கும் சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் போகலாம். எஞ்சின் அணைந்திருந்தாலும் அந்த விசிறி திடீரென்று சுற்றும், ஆகவே விரல்களை விலக்கியே வையுங்கள்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்பதை எல்லோரும் கேட்டிருப்பார்கள். காரணம் தெரிந்தால்தான் அது மனதில் நிற்கும். அந்த மூடி உள்ளே ஏறத்தாழ ஒரு பார் அளவு கூடுதல் அழுத்தத்தைத் தக்கவைக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. மூடி திறந்த கணத்தில் அழுத்தம் போய், 110 டிகிரியில் அமைதியாக இருந்த திரவம் அங்கேயே ஆவியாகி முகத்தில் பீறிடும். வழியில் முள் ஏறத் தொடங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு வெப்பத்திலும் முழுக் காற்றிலும் வையுங்கள். அது இரண்டாவது சிறு ரேடியேட்டராக வேலை செய்யும். சிவப்பைத் தொட்டுவிட்டால் ஓரமாக நிறுத்தி அணைத்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. கூலன்ட்டின் நிறத்தைப் பார்த்து அதே நிறத்தில் இன்னொன்றை வாங்கி ஊற்றுவதும் தவறு, ஏனெனில் நிறத்துக்குப் பொதுத் தரம் எதுவுமில்லை; கையேடு சொல்லும் வகையைத்தான் நம்ப வேண்டும். கீழே சிந்தினால் கழுவிவிடுங்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், குழந்தைகளுக்கும் நாய் பூனைகளுக்கும் கொடிய நஞ்சு. ஒழுக்கு எதுவும் தெரியாமலே கூலன்ட் குறைந்துகொண்டு வந்து, புகைபோக்கியில் இனிப்பு வாடையுள்ள வெண்புகை அடங்காமல் வந்தால் எஞ்சினின் மேல்பகுதிக்கும் பிளாக்குக்கும் இடையே அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அது வீட்டு வேலையன்று.

காலை முதல் பிரேக்கில் மட்டும் வரும் கீச்சொலி, அதுவும் ஈரமான இரவுக்குப் பிறகு என்றால், சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு உரசப்படும் ஒலி. சில மிதிகளில் போய்விடும், கவலை வேண்டாம். நாள் முழுவதும் தொடரும் மெல்லிய கிறீச்சொலி வேறு: டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடு தேய்ந்துவிட்டதைச் சொல்ல அதில் பொருத்தப்பட்ட சிறு தகடு டிஸ்க்கைத் தொடுகிறது. கரகரவென்று இரும்போடு இரும்பு அரைக்கும் ஒலி வந்துவிட்டால் அந்த வண்டியை ஓட்டுவதே கூடாது. டார்ச் விளக்கைச் சக்கரத்தின் இடைவெளியில் பிடித்துப் பார்த்தால் வெளிப்புறப் பேடின் கனம் தெரியும். பின்னாலுள்ள இரும்புத் தகட்டைச் சேர்க்காமல் 3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் மாற்றும் காலம். ஆனால் உட்புறப் பேடு இதைவிடத் தேய்ந்திருக்கலாம், அது வெளியிலிருந்து தெரியாது. பேடு தேயத் தேய பிரேக் ஆயில் மட்டம் சற்று இறங்குவது இயல்பு. இறங்கிய மட்டத்தைக் கண்டவுடன் ஊற்றி நிரப்புவதைவிட, ஏன் இறங்கியது என்று பார்ப்பதே முறை. அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 என்று தரம் குறித்த பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் சேர்ந்த நிலையில் அதற்கு விதித்த எல்லை 155 டிகிரிதான். இரண்டாண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்வதும், திறந்து வைத்த பழைய டப்பாவிலிருந்து ஊற்றக் கூடாது என்பதும் இதனால்தான்.

நீங்கள் கேட்காவிட்டாலும் எஞ்சின் எச்சரிக்கை விளக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் பாகத்தை மாற்றி மாற்றிப் பணம் கரைவது அதிகமும் அங்கேதான். வண்டியின் கணினி பதிந்த கோளாறுகளைப் படிக்க உதவும் ஓபிடி-2 இணைப்பில் செருகும் சிறு ரீடர் காட்டும் குறியீடு ஒரு பாகத்தின் பெயர் அன்று. பி 0171 என்று வந்தால் எரிபொருளுக்கு மிஞ்சிய காற்று இருக்கிறது என்பது மட்டுமே செய்தி. விரிசல் விட்ட ரப்பர் குழாய், அழுக்கேறிய காற்று உணரி, அடைபட்ட எரிபொருள் வழி ஆகிய எதுவும் காரணமாகலாம். புகையிலுள்ள ஆக்சிஜனை அளந்து அதைச் சொன்ன ஆக்சிஜன் சென்சாரையே மாற்றுவது, செய்தி கொண்டுவந்தவனைத் தண்டிப்பதாகும். நிலையாக எரியும் மஞ்சள் விளக்கோடு மெதுவாக வீடு வந்து சேரலாம். அதே விளக்கு விட்டு விட்டு மின்னினால், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதை உருக்கிக்கொண்டிருக்கலாம். வேகத்தைக் குறைத்து, முடிந்தவரை சீக்கிரம் நிறுத்துங்கள். சிவப்பு எண்ணெய் அழுத்த விளக்கு எரிந்தால் ‘இன்னும் கொஞ்ச தூரம்’ என்ற பேச்சே இல்லை.

கை வைக்கக் கூடாதவை என்று நான் கருதுபவை குறைவு, ஆனால் அவற்றில் விதிவிலக்கு இல்லை. ஜாக் மட்டும் தாங்கும் வண்டியின் அடியில் உடலின் எந்தப் பகுதியும் போகக் கூடாது. ஜாக் தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்டு. மஞ்சள் உறையிட்ட இணைப்புகள் பெரும்பாலும் ஏர்பேக்கினுடையவை, ஹைபிரிட் மற்றும் மின்சார வண்டிகளின் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் உயர் மின்னழுத்தம். மல்டிமீட்டர் அவற்றின் அருகே போக வேண்டாம். எரிந்த ஃபியூஸுக்குப் பதிலாக அதே ஆம்பியர் அளவே வர வேண்டும். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20 என்று நிறத்திலேயே அளவு தெரியும், அதிகமானதைப் போட்டால் ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும். பெட்ரோல் வாடை அடித்தால் செல்ஃப் அடிக்கவே வேண்டாம்.

உங்கள் வண்டியைப் பொறுத்தவரை, நாளைக் காலை சாவி போடும் முன் ஓர் அளவு, செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனைகளில் ஓர் அளவு, அப்போதே முளைக்கும் கிளாம்புக்கும் இடையே ஓர் அளவு, ஓடும்போது எல்லா விளக்கும் போட்டு ஓர் அளவு என நான்கை எழுதி, பேட்டரியின் மேலே குறித்திருக்கும் தயாரிப்புத் தேதியோடு பட்டறைக்குக் கொண்டு போங்கள். நான்காவது எண் 13.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால், ஆல்டர்னேட்டரை எந்த அளவின் அடிப்படையில் மாற்றச் சொல்கிறார்கள் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.